கூசுது என்று சொல்ல ஓர் இடம்

தென்காசியில் எனக்குப் பல்லுக்குக் கம்பி கட்டிய டாக்டரம்மாவின் கிளினிக் வாசலில் ஒரு கொடி கட்டியிருக்கும். சாரல் காலத்தில் பாதிப்பேர் குற்றாலத்தில் குளித்துவிட்டு நேரே வருவார்கள். ஈரத்துண்டுகளை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். இலத்தூரிலிருந்து பஸ் ஏறும் நானும் அருவியைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். கம்பி பிய்ந்திருந்தால் டாக்டரம்மாவுக்கு விசாரணையே தேவையில்லை.

“ஏட்டி, நேந்திரங்கா சிப்ஸ் தின்னியா?”

“இல்ல டாக்டரம்மா, தயிர்சாதம்தான்.”

“தயிர்சாதம் கம்பியப் பிச்சுட்டாக்கும்! தல இன்னும் காயல, அதுக்குள்ள பொய் சொல்லுதா பாரு.”

திட்டி முடித்த கையோடு, “கூசுதா, குத்துதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?” என்று கேட்பார். மூன்றும் மூன்று வலி. அதைத் தெரிந்துகொள்ளாமல் என் வாயில் கை வைத்ததே இல்லை.

கம்பியோடுதான் படிக்க ஜெர்மனிக்கு வந்தேன். முதல் குளிர்காலத்தில் மேல்வரிசைப் பல் ஒன்று படுத்த ஆரம்பித்தது. இங்கே பார்த்த டாக்டர் நல்ல மனிதர்தான். ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் வலிக்கு ஒரே சொல்தான். ஐந்து என்றேன். எந்த வலிக்கு ஐந்து? அதை அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பல்லை எடுத்துவிட்டால் வலியும் போகும், மற்ற பற்களுக்கு இடமும் கிடைக்கும் என்று சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். “பாக்காம நான் என்னத்தச் சொல்ல? ஆனா அவசரப்பட்டுப் புடுங்க விட்டுராத. அங்கன நம்ம பாஷ பேசுத டாக்டர் ஒருத்தரு இல்லாமலா இருப்பாவ? தேடுட்டி.”

தேடினேன். தமிழ்ச்சங்கக் குழுக்கள், மளிகைக்கடை அண்ணன், கோயில் வாசல் என்று ஓரிடம் விடவில்லை. கடைசியில் ரயிலில் வெகுதூரம் போய் ஓர் இலங்கைத் தமிழ் டாக்டரைக் கண்டுபிடித்தேன். நரைத்த தலை, சன்னக் குரல். “எங்க நோகுது, பிள்ளை?” என்றார். அவ்வளவுதான், எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. குளிர்காற்றுப் பட்டால் கூசுகிறது, கடித்தால் ஒன்றும் இல்லை, கம்பி முறுக்கியபோது தெறிக்குமே, அந்த வலி இல்லை இது என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

படம் எடுத்துப் பார்த்தார். “இதைப் பிடுங்கத் தேவையில்லை. கம்பி ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில சின்னச் சொத்தை. அடைச்சாச் சரி.”

என் பல் எனக்கே மிஞ்சியது. சந்தோஷம்தான். ஆனால் அவர் என்னைத் திட்டவேயில்லை. கவனமாகச் சாப்பிடுங்கோ என்றதோடு சரி. ஒருவர் உரிமையோடு திட்டுவதற்காக மனம் இப்படி ஏங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

என் ஊர் குற்றாலத்துப் பக்கம் என்று முன்பே சொல்லியிருந்தேன். அடைத்து முடித்ததும் கேட்டார். “குற்றாலம் எண்டா அருவி உள்ள இடமெல்லோ? இப்ப தண்ணி விழுதோ?”

சொல்ல எவ்வளவு இருந்தது! ஊசியில் மரத்த உதட்டிலிருந்து “ஆங்” என்று மட்டும்தான் வந்தது. எச்சில் வேறு வழிந்தது. அவர் சிரித்தார். கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆறுதலா, மெதுவாச் சொல்லுங்கோ. மரப்பு விடட்டும்.”