சித்திக்கு அம்மை போட்ட புதன்கிழமை

மலைமேல் இருக்கும் கரியாலூரில் ‘தபாலாபீஸ் அம்மா’ என்றால் என் சித்தியைத்தான் சொல்வார்கள். ஒற்றை அறைக் கட்டடத்தில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் முத்திரை குத்தினாள். மணியார்டர் வந்திருக்கிறதா என்று கேட்க மூன்று ஊர் தள்ளியிருந்து நடந்து வருகிறவர்களை, முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் உண்டு, இல்லை என்பாள். பலாப்பழக் காலத்தில் மலை பஸ்ஸில் எங்களுக்குப் பழம் அனுப்புவாள். பழத்தின் மேலேயே எங்கள் விலாசத்தை மையால் எழுதிவிடுவாள். பின்கோடு உள்பட.

இப்படிப்பட்டவள் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்றவள் என்று சொன்னால் மலையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மூன்றாவது முறை அவள் எழுதப்போன அன்றைக்கு நடந்ததையோ, சொல்லவே வேண்டாம். ஆனால் நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது.

நாங்கள் கச்சிராயபாளையத்தில் இருந்தோம். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தார். சித்தி அம்மாவின் தங்கை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் வாரமே தெருவுக்குத் தெரிந்துபோனது, அவள் சிரிப்பால். நான்கு வீடு தள்ளிக் கேட்கும். “மெல்ல சிரிடி” என்று அம்மா சொன்னால், அதற்கும் சேர்த்துச் சிரிப்பாள்.

காகிதத்தை வீணாக்கக் கூடாது என்று மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் கணக்குப் போடுவாள். கன்றுக்குட்டி வந்து பாதியை நக்கிவிடும். “பாத்தியா பாப்பா, தப்பா இருக்கறத மட்டும் கரெக்டா அழிக்குது” என்பாள். விடைப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சரி பார்ப்பது என் வேலை. எனக்கு ஒன்றும் புரியாது. இருந்தாலும் வாத்தியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டுவேன்.

அந்தப் பங்குனியில் அப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். நைனார்பாளையத்தில் கிணற்றுப் பாசனத்தோடு சொந்த நிலம் உள்ள வீடு. பெண்ணைப் பார்க்க அவர்கள் சொல்லியனுப்பிய நாள் புதன்கிழமை. சித்திக்குக் கள்ளக்குறிச்சியில் கணக்குப் பரீட்சையும் அதே புதன்கிழமைதான்.

“பரீட்சை இன்னா ஓடியா போவுது? அக்டோபர்ல எழுதிக்கலாம். நல்ல எடம் அப்பிடி வராது” என்றார் அப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணை நல்ல இடத்தில் சேர்க்கவில்லையென்றால் ஊர் தன்னைத்தான் கேட்கும் என்பது அவர் கவலை. சித்தி மட்டும், “கலியாணம் ஆனா எவன் மாமா அக்டோபர்ல பரீட்சைக்கு வுடுவான்?” என்று கேட்டாள். அப்பா அதைக் காதில் வாங்காமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தி என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பாப்பா, புதன்கிழமை நீ ஒரு வேல செய்யணும். பின்னால இருக்கற வேப்பமரத்துல நாலு கொத்து ஒடிச்சி, பதினோரு மணி பஸ் வரதுக்கு முன்னால வாசல்ல எரவாணத்துல சொருவிடு. அவங்க வந்தா, சித்திக்கு அம்மை போட்டிருக்குதுன்னு சொல்லு. அவ்ளோதான். யாரும் உள்ள வர மாட்டாங்க.”

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்நியர் படி ஏறமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது மாரியாத்தா விஷயம்.

“பொய் சொன்னா ஆத்தா கண்ணக் குத்திடாதா சித்தி?”

“ஆத்தாவும் பொம்பளதான? புரிஞ்சிக்குவா.”

புதன்கிழமை விடியும்போதே அப்பா வயலுக்குப் போய்விட்டார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. அன்றைக்கே கரும்பை வெட்டி ஏற்றியாக வேண்டும். “பத்தரைக்கெல்லாம் வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எட்டு மணிக்குச் சித்தி, அம்மாவின் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பரீட்சைக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே தாவணியோடு உட்கார அவளுக்கு வெட்கம். அம்மாவிடம் சொன்னது வேறு.

“இங்க கெடைக்கற பூவெல்லாம் வாடிக்கெடக்குதுக்கா. கள்ளக்குறிச்சி போயி மல்லி வாங்கியாந்துடறேன்.”

தங்கைக்கு மனசு மாறிவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “சீக்கிரம் வந்துடு” என்று சொல்லி அனுப்பினாள். பையின் அடியில் ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பத்தரை ஆனது. அப்பா வரவில்லை. கரும்பு டிராக்டர் வாய்க்காலில் இறங்கி மாட்டிக்கொண்டதாக ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா பின்கட்டில் கேசரி கிளறிக்கொண்டு, “எங்கடி இவளக் காணோம், எங்கடி இவளக் காணோம்” என்று புலம்பியபடி இருந்தாள். நான் வேப்பிலையை ஒடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

கூரை விளிம்பில் இருந்த எரவாணம் எனக்கு எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறினேன். அப்போதும் எட்டவில்லை. பஸ்ஸின் ஹாரன் கேட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், என் பின்னலில் இருந்த சிவப்பு ரிப்பனை உருவி, எல்லாக் கொத்தையும் சேர்த்துக் கதவின் நாதாங்கியில் கட்டினேன். என் நெஞ்சு உயரத்தில் அது தொங்கியது.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அவருடைய அண்ணன், கூட இன்னொரு அம்மாள். அண்ணனிடம் பெரிய குடை ஒன்று இருந்தது. மூன்று பேரும் அதற்குள்ளேயே வந்தார்கள். வாசலுக்குப் பத்தடி முன்னால் குடை நின்றது.

“ஏம் பாப்பா, இன்னா வேப்பிலை?”

“சித்திக்கு அம்மை போட்டிருக்குதுங்க.”

மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று செருப்பைக் கழற்றினார். மூன்று பேரும் நின்ற இடத்திலிருந்தே என் வீட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “தாயே, கொழந்தய நல்லபடியா வுட்டுட்டு எறங்கிடும்மா” என்று கூட வந்த அம்மாள் வேண்டினார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அழுகையைப் பார்த்து அவர்களுக்கு மீதியிருந்த சந்தேகமும் போய்விட்டது.

அவர்கள் திரும்பி நடந்த பிறகுதான் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாதாங்கியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இன்னாடி இது?”

சொன்னேன். பூ வாங்கப் போகவில்லை, பரீட்சைக்குப் போயிருக்கிறாள் என்றும் சொன்னேன். அம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எழுந்துபோய் ஒரு கிண்ணம் நிறையக் கேசரி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். வேப்பிலையை எடுக்கவும் பயம், விட்டுவைக்கவும் பயம் என்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா வந்தா நான் இன்னான்னு சொல்லுவேன்?”

நான் பாதிக் கேசரியில் இருந்தபோது அம்மாவுக்கு இன்னொன்று உறைத்தது.

“ஐயையோ! இன்னிக்கு பொதங்கெழம. ராகு காலம் முடியாம அவங்க பஸ் ஏற மாட்டாங்க. ஒன்றரை மணி வண்டிக்குத்தான் போவாங்க. அதே வண்டியிலதான அவ வந்து எறங்குவா? ஓடுடி!”

ஓடினேன். பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம்தான். ஆனால் அவர்கள் அங்கேயே டீக்கடையில் உட்கார்ந்திருந்ததால், பஸ் வந்து நிற்கும்வரை வெகுநேரம் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். குடையும் மற்ற இருவரும் டீக்கடை நிழலிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். படியில் நீலப் புடவை இறங்கியது. கையில் ஜாமெட்ரி பாக்ஸ். விரலெல்லாம் மை.

நான் சித்தியிடம் ஓடியபோது மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பிடித்துவிட்டார். “பாப்பா, வூட்ல அம்மைய வச்சிக்கினு நீ இன்னா இங்க ஓடியாந்துட்ட?”

“டீச்சரக் கூப்புட வந்தேங்க” என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றுவரை தெரியாது.

அவர் சித்தியைப் பார்த்தார். புடவை, பாக்ஸ், மை. “நீங்க இந்தப் புள்ளைக்கு டீச்சருங்களா?”

சித்தி என்னைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். எல்லாம் விளங்க அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. “ஆமாங்க” என்றாள்.

“அப்ப இவங்க சித்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாக்க வந்தோம், இப்பிடி ஆயிடுச்சி. பொண்ணு எப்பிடிங்க?”

“நல்லா தெரியுங்க” என்றாள் சித்தி, முகத்தில் ஒரு கோடு மாறாமல். “மனசு நல்ல மனசு. ஆனா சத்தமா சிரிக்குங்க. வூட்டு வேலையெல்லாம் கம்மி. படிக்கணும்னுதான் ஆசை ஜாஸ்தி.”

குடைக்காரர் கேட்டார்: “படிச்சி இன்னா பண்ணப் போவுதாம்?”

சித்தி கையிலிருந்த பாக்ஸை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “அது அதுக்கே இன்னும் தெரியலீங்க” என்றாள். “ஆனா எதாவது பண்ணும்.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். “உள்ளத உள்ளபடி சொன்னீங்க டீச்சரம்மா, நல்லா இருங்க” என்று சொல்லி மாப்பிள்ளையின் அம்மா ஏறினார். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அந்தப் பொண்ணுக்கு எளநி குடுக்கச் சொல்லுங்க” என்றார். நல்ல மனுஷி. அந்த வீட்டுக்குப் போயிருந்தாலும் சித்தி ஒன்றும் கெட்டுப்போயிருக்கமாட்டாள். ஆனால் கரியாலூருக்குப் போயிருக்கமாட்டாள்.

பஸ் திருப்பத்தில் மறைந்ததும் சித்தி புளியமரத்துக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். “வூட்டு வேல கம்மின்னேன் பாரு” என்பாள், மறுபடி சிரிப்பாள். நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் அவள் சிரிப்பு நின்றது. எங்கள் வீட்டுச் சுவரில் அப்பாவின் சைக்கிள் சாய்ந்திருந்தது. அவர் வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். கால் கழுவிய ஈரம்கூட வாசலில் காய்ந்துவிட்டிருந்தது. அவர்கள் மூன்று பேரும் கூப்பிடு தூரத்தில் டீக்கடையில்தான் அவ்வளவு நேரமும் இருந்தார்கள். இதையெல்லாம் நான் பிற்பாடு யோசித்தேன். அப்போது என் கண்ணில் பட்டது வேறு.

நாதாங்கியில் வேப்பிலை இல்லை. என் ரிப்பன் ஜன்னல் கட்டையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கொத்துகள் எல்லாம் மேலே, எரவாணத்தில், தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி வரிசையாகத் தொங்கின. பச்சைக் கரும்புத் தோகையை முறுக்கி, கட்டு கட்டுகிற முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. ஆத்தாவே இறங்கிவந்து, நம் பொய்யை ஏற்றுக்கொண்டு, எடுத்து உயரத்தில் கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

உள்ளேயிருந்து, சோற்றைப் பிசைகிற சத்தத்துக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது.

“யாரு, பாப்பாவா? சித்திய உள்ள வரச் சொல்லு. அம்மை போட்ட பொண்ணு தெருவுல நின்னா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?”

பாவம் அப்பா, அவரும் நம்பிவிட்டாரே என்று எனக்கு ஒரு பக்கம் இரக்கமாக இருந்தது. தப்பித்தோம் என்று சந்தோஷமாகவும் இருந்தது. சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. நிலையில் கை வைத்து, மேலே அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. துடைக்கவும் இல்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கணக்கு இந்த முறையும் சரியாக வரவில்லை.

அவள் மை படிந்த விரலை எட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “அழாத சித்தி. போனாப் போவுது, கணக்குதான?”