சார்ஜ் ஏறாத டப்பாவோடு மாங்காடு வரை

அம்பத்தூரிலிருந்து மாங்காட்டுக்குப் போக இதைவிடச் சுருக்கமான வழி உண்டு. நாங்கள் ஆவடி, பூந்தமல்லி என்று சுற்றிப் போனதற்குக் காரணம் ஒரு ஜாக்கெட். ஆவடியில் தைக்கக் கொடுத்ததை வாங்காமல் வரமாட்டேன் என்று என் மனைவி செல்வி சொல்லிவிட்டாள். அன்றைக்கு விஜயதசமி. செல்வியின் அண்ணன் மகள் கவிதாவுக்கு மாங்காட்டில் மாப்பிள்ளை வீட்டில் தட்டு மாற்றுகிறார்கள். புரட்டாசியில் எதற்கு என்று சிலர் முனகினார்கள். விஜயதசமிக்கு நாள் பார்க்க வேண்டாம் என்று மச்சான் முடித்துவிட்டார்.

மச்சான் தனசேகர் நசரத்பேட்டைக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து உள்ளங்கையளவு கருவி ஒன்றைக் கழுத்தில் அழுத்திக்கொண்டுதான் பேசுகிறார். அது உறுமும், அவர் வாயசைப்பார், வார்த்தை வரும். கோபமும் கொஞ்சலும் ஒரே குரலில் வரும். வீட்டில் அதற்கு 'மைக்' என்று பெயர். மைக்கின் பேட்டரிக்கு வயதாகிவிட்டதால் அரைமணி நேரம் பேசினாலே படுத்துவிடுகிறது. அதனால் ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி எங்கேயும் அவருக்காகப் பேசுவது கவிதாதான்.

வெளியே போகும்போது சார்ஜ் போட ஏதாவது வேண்டுமே என்று நானே ஒரு சார்ஜர் செய்தேன். பழைய லேப்டாப் பேட்டரி செல்கள், ரிச்சி தெருவில் வாங்கிய சின்ன போர்டு, இரண்டு யூஎஸ்பி ஓட்டை, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள். கடையில் ஆயிரம் ரூபாய்க்கு நல்ல பவர் பேங்க் கிடைக்குமே என்று பின்னூட்டம் போட நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம். செல்வி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

அன்று காலை நாங்கள் கிளம்பும் நேரத்தில் கவிதா போன் செய்தாள். "மாமா, நைட்டு மழையில போன கரண்டு இன்னும் வரல. மைக்குல சார்ஜ் துளிதான் இருக்கு. என் பவர் பேங்க்கும் காலி. அந்த டப்பாவ மறக்காம எடுத்துகினு வாங்க." சபையில் பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை சம்மதம் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பதில் நான் சொல்கிறேனே என்று முன்பே கேட்டிருந்தேன். 'நான்தான் பேசுவேன்' என்று மச்சான் மெசேஜ் அனுப்பியிருந்தார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஏழு மணிக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ். ஆவடி ஏழு கிலோமீட்டர்தான். செல்விக்கு மகளிர் டிக்கெட் இலவசம், எனக்குப் பதினொரு ரூபாய். உட்கார இடம் கிடைத்ததும் சோதித்துப் பார்க்கலாமே என்று என் போனை டப்பாவில் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. போன் அசையவில்லை. இரண்டு நாளைக்கு முன் இதே போன் இதே டப்பாவில் ஜோராக சார்ஜ் ஏறியது. அடுத்த ஓட்டையில் சொருகினேன். அதிலும் ஒன்றுமில்லை. காலங்காத்தாலேயே எனக்கு அலுத்துவிட்டது.

ஆவடியில் செல்வி ஜாக்கெட்டுக்குப் போக, நான் பஸ் நிலையத்து பெஞ்சில் டப்பாவைத் திறந்தேன். மல்டிமீட்டரைப் போர்டில் வைத்தால் சரியாக ஐந்து வோல்ட். செல்களும் சரி. கேபிள்தான் போயிருக்கும் என்று பிளாட்பாரத்தில் எண்பது ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன். அதிலும் ஏறவில்லை. எண்பது ரூபாய் தண்டம். செல்வி ஜாக்கெட் கவரோடு வந்து ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர். பருத்திப்பட்டு தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தோம். ஒயர் தொங்கும் டப்பாவைப் பார்த்து கண்டக்டர், "இன்னா சார், டிபன்ல நூடுல்சா?" என்றார். சிரிக்கத் தெம்பில்லை. போர்டில் ஐந்து வோல்ட் வருகிறது, போனுக்கு மட்டும் வரவில்லை. நடுவில் எங்கே போகிறது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

பூந்தமல்லியில் மச்சான் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். பக்கத்தில் கவிதா பேசிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா தட்டு வரிசையோடு முன்பே போய்விட்டார். மச்சான் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். சரியாகவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். விடியலிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் மிச்சம் பிடித்திருந்த மைக்கிலும் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில் பிளக் கேட்டேன். "ஏரியாவுக்கே கரண்டு இல்ல நைனா" என்றார் மாஸ்டர். பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும், மணி ஒன்பதேகால். "பரவால்ல மாமா, நீங்களே சொல்லிடுங்க" என்றாள் கவிதா. மச்சான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மாங்காட்டுக்கு ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு நூற்றைம்பதுக்கு வந்தார். கவிதாவை முன்சீட்டில் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் மூவரும் பின்னால் நெருக்கிக்கொண்டோம். நான் கடைசியாக, ஒயர் பற்றவைத்த சால்டரைப் பார்க்கலாம் என்று மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது டப்பாவைச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னங்க, இதுல சந்தன வாசன வருது."

"நேத்து ஆயுத பூஜைக்கு நீதானே வச்ச. காலையில துடைச்சிட்டேன்."

"அதான் சொல்றேன். ரெண்டு ஓட்டயும் கண்ணு மாதிரி இருந்திச்சா, அது மேலயே பொட்டு வச்சேன்."

போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டைக்குள்ளும் சந்தனம் காய்ந்து பொறுக்கு தட்டியிருந்தது. வெளியே இருந்ததை நான் துடைத்தபோது மிச்சமும் உள்ளே போயிருக்கிறது. ஸ்கூட்டர், மிக்ஸி, டிரில்லிங் மெஷின் எல்லாவற்றோடும் இதையும் பூஜையில் வைத்தது அண்ணனுக்காகத்தான். திட்ட வாய் வரவில்லை.

செல் இணைப்பைக் கழற்றிவிட்டு, செல்வியின் கொண்டை ஊசியால் பொறுமையாகச் சுரண்டினேன். தண்ணீர் தொட்டுத் துடைக்கவா என்றாள், வேண்டாம் என்றேன். ஊதி, முந்தானையால் துடைத்து, இணைப்பைப் போட்டு மைக்கைச் சொருகினேன். சார்ஜ் விளக்கு எரிந்தது. கவிதாவின் பேச்சு அன்றைக்கு முதல்முறையாக நின்றது. "இன்னா அண்ணாத்தே, ஸ்பீடா போவட்டா?" என்றார் ஆட்டோக்காரர். "மெதுவாவே போங்க" என்றேன். குமணன்சாவடி நெரிசலில் நின்ற இருபது நிமிஷத்துக்காக ஆயுளில் முதல்முறையாக டிராஃபிக்கை வாழ்த்தினேன்.

மாப்பிள்ளை வீடு அம்மன் கோயிலுக்குப் பின்தெரு. அங்கும் கரண்டு இல்லை, ஆளுக்கொரு விசிறி. மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணு ஊட்ல ஒரு வார்த்த சொல்லிட்டா தட்ட மாத்திக்கலாம்" என்றார். மச்சான் மைக்கைக் கழுத்தில் வைத்தார். "சம்மதம்" என்று உறுமியது. சின்னக் குழந்தை ஒன்று பயந்து அம்மா மடியில் ஒளிந்தது. எல்லோரும் தட்டைத் தூக்கினார்கள். மச்சான் மைக்கை எடுக்கவில்லை.

"எம் பொண்ணு நல்லா பேசுவா. அவளப் பேச வுடுங்க."

அவருக்குப் பதில் நான் பேசியிருந்தால் குலம், கோத்திரம், சம்மதம் என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். இது எனக்குத் தோன்றியே இருக்காது. கவிதா அழுதாள். மாப்பிள்ளையின் அம்மாதான், "பேசட்டும் அண்ணே, இந்த ஊட்ல ஆம்பளைங்க வாயே தொறக்க மாட்டாங்க. எனக்கும் ஒரு ஆளு வேணும்" என்றார். தட்டு மாறி முடிந்தபிறகு கரண்டு வந்தது. அதற்கென்ன அவசரம்.

போகிறவர்களுக்கு: பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவும் உண்டு, எங்களைப்போல நூற்றைம்பது அழ வேண்டாம். மாங்காடு அம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோய் ஆறு வாரம் வேண்டிக்கொள்பவர்கள் அதிகம், விசேஷ நாட்களில் விடிவதற்குள் போனால் வரிசை குறைவு. சொந்தமாகச் சார்ஜர் செய்பவர்கள் போர்டில் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், சாமான் சொருகும் இடத்தில் அளந்து பாருங்கள். ஆயுத பூஜைக்கு முன் ஓட்டைகளுக்கு டேப் ஒட்டிவிடுங்கள். பொட்டு மூடிமேல் இருக்கட்டும்.

தை மாதம் கல்யாணம் முடிந்தது. போன ஞாயிறு கவிதா எனக்குப் போன் செய்தாள். மாமியாரைப் பற்றி, புது மிக்ஸியைப் பற்றி, ஒன்றுமே இல்லாததைப் பற்றி விடாமல் பேசினாள். நடுவில் யாராவது அவளை நிறுத்துகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாரும் நிறுத்தவில்லை. என் போன்தான் சார்ஜ் தீர்ந்து அணைந்தது.