பிரெட்ரிக்கின் வலது கன்னம்

2023 மார்ச் 11 – முகக் கிரீம், 38 ரிங்கிட்
2023 ஜூன் 3 – அழகு நிலையம், லேசர், 250 ரிங்கிட்
2023 ஜூலை 1 – மறுபடியும் லேசர், 250 ரிங்கிட்
2024 ஜனவரி 16 – அரசு மருத்துவமனை, 5 ரிங்கிட்
அன்றே – வெயில் தடுப்புக் கிரீம், 62 ரிங்கிட்

இவை மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் என் அடுத்த வீட்டுக்காரர் பிரெட்ரிக்கின் வலது கன்னத்துக்கு ஆன செலவுகள். இடது கன்னத்துக்கு எதுவும் ஆகவில்லை.

அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். வயது ஐம்பத்து நான்கு. இங்கே ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். மதியம் ஆட்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும்போது மேற்கு வெயில் அந்தப் பக்க ஜன்னலில்தான் விழும். இருபத்தாறு வருடத்தில் வலது கன்னம் முழுக்க மங்கு படர்ந்து கறுத்துவிட்டது.

“ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தம்பி மாதிரி இருக்கீங்க லா,” என்று தினமும் பஸ்ஸில் ஏறும் கஸ்தூரி கேலி செய்வாள்.

“அப்ப தம்பி பக்கம் பார்த்தே பேசு,” என்பார் இவர்.

முதல் கிரீமால் எரிச்சல்தான் மிச்சம். லேசருக்குப் பிறகு ஒரு மாதம் வெளுத்தது. அப்புறம் முன்னைவிடக் கறுத்தது. தோல் மருத்துவர் சுபத்திரா மங்குக்கு மருந்து எழுதி, தினமும் காலையில் வெயில் தடுப்புக் கிரீம் பூசச் சொன்னார். பூசியும் பலனில்லை. ஏப்ரலில் வலது கண்ணோரம் சொரசொரப்பாக ஒரு தடிப்பு வந்தது. முகம் துடைத்தால் ரத்தம் கசிந்தது.

ஏப்ரல் 16 அன்று மருத்துவர் அதில் சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். புற்றாக இருந்தால் கண்ணருகே அறுவை சிகிச்சை. பார்வை குறைந்தால் பஸ் லைசன்ஸ் போய்விடும்.

“கிரீம் எத்தன மணிக்குப் பூசுறீங்க?” என்று மருத்துவர் கேட்டார்.

“விடியக்காலை நாலு மணிக்கு, டாக்டர். வேலைக்குக் கிளம்புறப்ப. ஒரு நாள் விட்டதில்ல.”

“மதியம்?”

“நீங்க காலையிலதான சொன்னீங்க?”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “நாலு மணிக்கு ஏதுங்க வெயிலு? மதியம் பஸ் எடுக்குறதுக்கு முன்னால மறுபடி பூசணும்.”

உடன் வந்திருந்த மனைவி இன்பராணி, “மூணு மாசமா நிலாவுக்குப் பூசியிருக்காரு, டாக்டர்,” என்றாள்.

மருத்துவமனைக் கடிதம் வரும்வரை கம்பெனிக்காரர்கள் பஸ் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிரெட்ரிக் வீட்டில் இருந்தார். அப்போதும் மதியம் ஒன்றரைக்கு, கண்ணோரம் கட்டுப் போட்ட இடத்தை விட்டுவிட்டு, கிரீம் பூசிக்கொண்டார்.

“வீட்டுக்குள்ள எதுக்குங்க?” என்றாள் இன்பராணி.

“இப்பவே பழகணும். பஸ் கிடைச்சா மறந்துடுவேன்.”

தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். அது எங்கள் வீட்டையும் தாண்டிப் போன பிறகு உட்காருவார்.

கடைசியில் கடிதத்தை இன்பராணிதான் பிரித்தாள். புற்று இல்லை. வெயிலால் தடித்த தோல். குளிரால் உறைய வைத்து நீக்கிவிடலாம். பஸ் ஓட்டத் தடையில்லை. அதைக் காட்டி அவர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மங்கு முழுதாகப் போகவில்லை, கொஞ்சம் வெளிறியிருக்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் வயசு நெருங்கிவிட்டதாகக் கஸ்தூரி சொல்கிறாள்.

கடிதம் வந்தது 2024 மே 9, வியாழக்கிழமை.