தேத்தண்ணிக்கு முன்னால் நீட்டிய பில்

எங்கள் கடற்கரை ஊர் கண்டக்குழி. அதன் காற்றுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. வீட்டு வளவில் நாங்கள் நடத்தும் சின்ன ஐஸ் ஆலையின் மிஷின் உறுமிக்கொண்டிருந்தால்தான் மனம் அடங்கும். அந்த வருடம் அது நிற்கப் பார்த்தது.

மின்சாரக் கட்டணம் ஏறிப்போய், சிவப்பு அறிவித்தல் வந்துவிட்டது. கடல் அடங்கி வள்ளங்கள் இறங்கப்போகும் நேரம். கரண்டை வெட்டினால் அந்தப் பருவமே எங்களுக்கு இல்லை. உழைத்த காசு எங்கும் போய்விடவில்லை. பெரும்பாலும் சொந்தக்காரர் நடத்தும் கடற்கரை விடுதிகளில் கிடந்தது. ஐஸ் நாள்தோறும் போனது, பில் போகவில்லை. மாதம் முடிந்ததும் என் கணவர் நேரில் போய்க் கேட்பார். போனதும் கதிரை வரும், தேத்தண்ணி வரும், பிள்ளைகளின் சுகம் கேட்பார்கள். ஒருவருடைய தேத்தண்ணியைக் குடித்த வாயால் அவரிடமே காசு கேட்பது எங்கள் பக்கம் மானக்கேடு. மனுசர் நிறைந்த வயிற்றோடும் வெறும் பையோடும் திரும்பி வருவார்.

"இனி ஐஸோட பில்லும் போகும்," என்றேன். "இறக்கின உடனே கையெழுத்து. கையோட காசு."

"சொந்தக்காரங்களுக்கே பில்லா? சனம் என்ன நினைக்கும் புள்ள?"

"சொந்தக்காரங்க ஐஸுக்குக் கரண்ட் சும்மாவா வருது?"

மறுநாள் லொறியில் நானே ஏறினேன். உப்புக்காற்று முக்காட்டைப் பிய்த்தது. சாக்குக்கு அடியில் ஐஸ் கசிந்து, வந்த வழியெல்லாம் ஈரக்கோடு போட்டது. ஆகக் கூடப் பாக்கி வைத்திருந்த விடுதி, தகப்பனின் தம்பியான என் சாச்சாவின் மகனுடையது. என்னைவிட இளையவன், அக்கா முறையில் ராத்தா என்பான்.

"ராத்தா! நீங்களே வந்திட்டீங்களா? உள்ள வாங்க, முதல்ல தேத்தண்ணி."

"தேத்தண்ணி வேணும் தம்பி. அதுக்கு முதல்ல இதப் பாருங்க."

பில்லைப் பார்த்தவன் முகம் சுருங்கியது. "என்ன ராத்தா, கரண்ட்காரன் மாதிரி வந்து நிக்கிறீங்க? எங்கள்ள நம்பிக்கை இல்லையா?"

இவன் முறைத்துக்கொண்டால் பாக்கியோடு உறவும் போகும். ஆனாலும் காகிதத்தை நான் மடக்கவில்லை.

"நம்பிக்கை இல்லாட்டி ஐஸ் வந்திருக்குமா? கடன எழுதி வெக்கச் சொல்லித்தானே மார்க்கமும் சொல்லுது. பழைய பாக்கிய மூணு பங்காத் தாங்க. இண்டைய ஐஸுக்கு இண்டைக்கே."

பில்லின் கூட்டுத்தொகையை விரலால் தட்டினான். பிறகு சிரித்துவிட்டான். "மச்சானயே அனுப்பியிருக்கலாம். அவர் பாவம், சீனி கூடக் கேட்டு ரெண்டு கோப்பை குடிச்சிட்டுப் பேசாமப் போவார்."

"அதுதான் அனுப்பல்ல."

அன்றைய காசோடு பழையதில் முதல் பங்கையும் எண்ணித் தந்தான். அதன் பிறகே கதிரையில் உட்கார்ந்தேன். இஞ்சி போட்ட தேத்தண்ணி. ஆற அமரக் குடித்தேன், அவனுடைய பிள்ளைகளின் சுகமெல்லாம் விசாரித்தேன்.

மற்ற விடுதிகளில் முணுமுணுப்பு இருந்தது. ஒருவர் ஐஸே வேண்டாம் என்றார். வெயில் ஏறியதும் அவரே ஐஸ் கேட்டுப் போன் எடுத்தார். சிவப்பு அறிவித்தலின் கெடுவுக்கு முன்பே கட்டணத்தைக் கட்டினேன். கட்டிவிட்டு வெளியே வந்தபோது என் நடையே வேறு.

அடுத்த கிழமை நுரைச்சோலைப் பக்கம் பில்லோடு போனவர் என் கணவர். திரும்பி வந்து பையை மேசையில் வைத்தார். பை கனமாக இருந்தது.

"தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்," என்றார், மீசையைத் துடைத்துக்கொண்டு. "பிறகுதான்."

பின்னால் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது.