அண்டிக்கறைக் கணக்கு

தலைமையாசிரியரின் மேசைமேல் கிடந்த அந்த வெள்ளை விரிப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஓரத்தில் நீல நூலால் கொடி பின்னியிருக்கும். நடுவில் மைப்புட்டி வைத்து வைத்து ஒரு வட்டம் விழுந்திருக்கும். அதன்மேல் என் இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன். எடுத்தபோது வலது கை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு தீற்றல் கிடந்தது. அதை விரலால் சுட்டி, சுற்றி நின்ற ஆசிரியர்களிடம் அவர் சொன்னார்: "பலகையில எண்ணெய் பூசினவனுக்க கை கறுத்திருக்கும். டீச்சருக்க கை கறுத்திருக்கு. பின்ன என்ன வேணும்?"

அந்தப் 'பின்ன என்ன வேணும்' என்பதை நான் மறக்கவில்லை. மறக்க முயன்றதும் கிடையாது. மறந்துவிடு, மன்னித்துவிடு என்று புத்தி சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்பியிருக்கிறேனே தவிர, ஒருவர் பேச்சையும் கேட்டதில்லை.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாமலிருந்த வருஷங்கள் அவை. குன்னத்துகால் பக்கம் எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். பாறசாலையில் ஒரு நாள் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போகும், மறுநாள் கூடாது என்று இன்னொரு ஊர்வலம் வரும். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. நிரந்தரமாக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதற்கு நானும் நின்றேன், தலைமையாசிரியரின் அக்கா மகனும் நின்றார். அப்பா நெஞ்சு வலியோடு படுத்த படுக்கையாகிவிட்டதால் எங்கள் வீடு அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

முந்திரிக்கொட்டையை எங்கள் பக்கத்தில் அண்டி என்போம். பங்குனி பிறந்தால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் அண்டி வறுக்கும் புகைதான். வறுத்ததை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையில் ஏறிவிடும். சாம்பலை அள்ளிப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் விடாது. சோப்பு, புளி, தேங்காய் எண்ணெய், எதற்கும் மசியாது. வேர்த்த கையை வெள்ளைத் துணியில் வைத்தால் அதிலும் ஒட்டும். தோல் உரிந்து புதுத்தோல் வந்தால்தான் கறை போகும். அதே எண்ணெயைக் கரையான் அரிக்காமலிருக்க உத்தரத்துக்குப் பூசுவார்கள், பூவாறு பக்கம் மீன்பிடி வள்ளத்துக்கும் பூசுவார்கள். அந்தப் பங்குனியில் யாரோ அதைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தின் மலையாளப் பெயர்ப் பலகையில் ஓர் எழுத்தும் தெரியாமல் பூசிவிட்டார்கள். யார் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே தலைமையாசிரியர் ஆசிரியர்கள் அத்தனை பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு வரிசையாகக் கையை வைக்கச் சொன்னார். ஆண்கள் எவரும் அண்டி உடைக்க உட்காரமாட்டார்கள். மற்ற இரண்டு டீச்சர்மாரும் திருவனந்தபுரத்திலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள். ஆகக் கறுத்தது என் கை ஒன்றுதான். "சாரே, இது அண்டி உடைச்ச கறையாக்கும். இந்த மாசத்தில கறுக்காத கை எந்த வீட்டில உண்டு?" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே, "அதொண்ணும் நான் அறியாண்டாம். செய்தது தமிழ்க்காரராக்கும். டீச்சரும் தமிழ்" என்றார்.

அறியாண்டாமாம், அவர் அறிய வேண்டியதில்லையாம்! முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டு வேலியோரமாக நான் நடந்துவந்தபோது அவருடைய மனைவி முற்றத்தில் முழங்கைவரை சாம்பலோடு உட்கார்ந்து அண்டி உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு கை நிறையச் சூடான பருப்பு தந்தார். நல்ல மனுஷி. அந்தக் கறுத்த கை பரிமாறிய சோற்றைத் தின்றுவிட்டுத்தான் இந்த மனிதர் காலையில் என் கையைப் பார்த்துக் குற்றம் கண்டுபிடித்தார். தெரியாமல் செய்தவனை விட்டுவிடலாம். இவர் எல்லாம் தெரிந்து செய்தார்.

வேலை போயிற்று. அந்த இடம் அக்கா மகனுக்குப் போயிற்று. ஊரில் சிலர் என்னை வீராங்கனை என்றார்கள், சிலர் வாசலில் துப்பினார்கள். இரண்டுமே நான் செய்யாத காரியத்துக்கு. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, "விடு மக்கா, தெய்வம் கேக்கும்" என்றாள். "தெய்வத்துக்கு வேற சோலி உண்டும்மா. நான் கேப்பேன்" என்றேன். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூட நேரத்தில் என் குரல் வீட்டில் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. அதையும் நான் தலைமையாசிரியர் பேரில்தான் எழுதி வைத்திருக்கிறேன், நியாயமோ அநியாயமோ.

பிறகு கோடு விழுந்தது. எங்கள் ஊர் அந்தப் பக்கம் கேரளத்தில் நின்றது, எனக்கு வேலை இந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் கிடைத்தது. படித்துப் படித்துக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தேன். நிகழ்தகவுப் பாடத்தில் மரம் போட்டுக் கணக்குச் செய்யும் முறையை முதன்முதலில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கிளை, ஒவ்வொரு கிளையிலிருந்தும் மறுபடி இரண்டு கிளை. அது நடந்தால் இது நடக்கும் என்பது வேறு, இது நடந்திருந்தால் அதுதான் நடந்தது என்பது வேறு. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைச் சொல்கிறவன் முட்டாள், இல்லாவிட்டால் அயோக்கியன். எனக்கு நடந்தது என்னவென்று அன்றைக்குத்தான் ஒரு பெயரோடு தெரிந்தது. அதன்பின் வகுப்பில் எத்தனை முறை அந்த மரத்தைப் போட்டேனோ, அத்தனை முறையும் அவர் முகத்தின்மேல்தான் போட்டேன்.

முப்பது வருஷம் காத்திருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுவிழா வந்தது. பழைய கதை எதுவும் தெரியாத புதிய தலைமையாசிரியை, முன்பு வேலை பார்த்த டீச்சர் என்று என்னைத் தேடிப் பிடித்து, பிள்ளைகளுக்கு மேடையில் மாதிரி வகுப்பு ஒன்று எடுக்கக் கேட்டார். விழா எப்போது என்று கேட்டேன். பங்குனியில் என்றார். அன்றைய தலைமையாசிரியரான பெரிய சாரும் மேடையில் இருப்பார் என்றார். போகாமல் இருப்பேனா?

கிழவர் தளர்ந்திருந்தார். மனைவி போய்ச் சேர்ந்தபின் மகன் வீட்டில் ஒதுங்கியிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. விழா தொடங்குமுன் சாயா கொண்டுவந்தார்கள். அவர் கிளாசை வாங்க நீட்டிய கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கறுப்பு. மருமகளோடு உட்கார்ந்து அவரும் அண்டி உடைக்கிறார் போலும். தெய்வத்துக்கு வேறு சோலி உண்டு என்று சொன்னதை அந்த நிமிஷம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கரும்பலகையில் மரம் போட்டேன். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசினேன். ஓர் ஊரில் நூறு பேர். ஒருவர் ஒரு பலகையில் அண்டி எண்ணெய் பூசிவிட்டார். அவர் கை நிச்சயம் கறுத்திருக்கும். மிச்சம் தொண்ணூற்றொன்பது பேரில், பங்குனி மாசமானபடியால், மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கை கறுத்திருக்கும், அதாவது அறுபத்தாறு பேர். இப்போது கை கறுத்த ஒருவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். பூசியது அவர்தான் என்பதற்கு நிகழ்தகவு என்ன? முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை கிளைகளை விரலால் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "அறுபத்தேழில ஒண்ணு, டீச்சரே." "அப்பொ அவங்கள வேலைய விட்டு அனுப்பலாமா?" என்று கேட்டேன். "அதெப்படி? பாக்கி அறுபத்தாறு பேரு இருக்கல்லியா" என்றாள். பூசியவர் தமிழர்தான் என்று வைத்து இன்னொரு கிளை போட்டேன். அப்போதும் கை கறுத்த ஒரு தெரு ஜனம் மிஞ்சியது.

சபையில் கை கறுத்தவர்கள் எல்லோரும் தூக்குங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். தாய்மார், பிள்ளைகள், பின்னால் நின்ற ஆட்கள், எங்கு பார்த்தாலும் கறுத்த கைகள். பழைய ஆட்கள் சிலர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அக்கா மகன், ஓய்வுபெறும் வயதில் அங்கேயே உட்கார்ந்திருந்தவர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவரின் கைகள் தோளில் கிடந்த நேரியல் துண்டுக்குள் போய்விட்டிருந்தன.

"சாரும் வைக்கணும். மேசைமேல" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போது நான் யாரென்று தெரிந்துகொண்டார். மெல்ல இரண்டு கைகளையும் எடுத்து மேடை மேசையின் வெள்ளை விரிப்பின்மேல் வைத்தார். நான் பக்கத்தில் போய் நின்று, ஒலிபெருக்கிக்கு எட்டாத குரலில், "சாருக்க கை கறுத்திருக்கு. பின்ன என்ன வேணும்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். "இது... அண்டி உடைச்ச கறையாக்கும்" என்றார்.

"அதொண்ணும் நான் அறியாண்டாம்" என்றேன்.

பாவம் வயசானவர், இப்படிச் செய்யலாமா என்று என் மகள் இன்றும் கேட்கிறாள். செய்யலாம். அன்று ராத்திரி நான் தூங்கியது போல் அதற்கு முன்னால் தூங்கியதில்லை. விழா முடிந்ததும் மேசையைக் காலி செய்து விரிப்பை மடிக்க வந்தார்கள். அதில் கறை விழுந்திருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். குனிந்து பார்த்தேன். இருந்தது.