கேட்காமலே வருகிற பேட்ச்

என் நாத்தனார் கஸ்தூரி பாலை அடுப்பில் வைத்தால் அது பொங்கி வழியும். அணைக்க ஆள் இருக்காது. உடம்பு அடுப்படியில் நிற்கும், மனசு வேறெங்கோ உலாத்தும். செலியமேட்டில் கரும்புக் கொல்லையை ஒட்டி எங்கள் வீடு. மதியத்தில் தோகைகள் சலசலக்க, மோட்டார் கொட்டகை வாசலில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் வேலை என்பாள். சம்பளமில்லாத வேலை.

ஏரித் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று முறை போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை அவளும் சிநேகிதர்களும் எழுதியிருக்கிறார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்கு பேட்ச் என்று பெயர். எந்த பேட்சையும் வில்லியனூர் ஜோஸ்பின் சரி என்று சொன்ன பிறகுதான் சேர்ப்பார்கள். ஜோஸ்பின் கஸ்தூரியோடு கல்லூரியில் படித்தவள். கண் தெரியாது, கம்ப்யூட்டர் வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டு வேலை செய்வாள். வாய் இருக்கிறதே, அது எங்கள் தெரு முழுவதற்கும் போதும்.

ஆளுக்கொரு விதமாக பேட்ச் அனுப்புகிறார்கள் என்று, குழுவிலுள்ள ராஜேஷ் சொன்ன சுருக்க வடிவத்தை கஸ்தூரி டீஃபால்ட் ஆக்கினாள். அதாவது, யாரும் எதுவும் கேட்காவிட்டால் அந்த வடிவம்தான் தானாக வரும். நீக்கிய வரிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி, அடுத்தடுத்து.

தண்ணீர் குறைந்த வருஷத்தில் எங்கள் பக்கம் கடைமடைக்குத்தான் முதல் பாய்ச்சல். ஏரியை ஒட்டிய தலைமடைக்காரர் காத்திருப்பார். அதற்கான பேட்சை ராஜேஷ் அனுப்ப, ஜோஸ்பின் திருப்பிவிட்டாள்.

“தலைமடை முதலில்னு ஒரு வரி, உடனே கடைமடை முதலில்னு ஒரு வரி. ரெண்டு பேரும் முதல்லன்னா வாய்க்கால்ல வெட்டுகுத்துதான்டி” என்றாள் போனில்.

இதுகூடப் புரியலையா என்று ராஜேஷ் குழுவில் சிரித்து எழுதினான். அடுத்த பேட்சிலும் அதே கதை, அதே சிரிப்பு. ஜோஸ்பின் சண்டை போடவில்லை. “இந்த வேலைய வேற யாருக்காச்சும் குடுத்துடுடி” என்று மட்டும் சொன்னாள்.

கஸ்தூரி முகம் செத்துப்போயிற்று. “அவ போயிட்டா எனக்கும் இது வேணாம் அண்ணி” என்றாள்.

அந்த வாரம் துணி எடுக்க இருவரும் கடலூருக்குப் போனோம். கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறியதுமே அவள் காதில் இயர்போனைச் செருகி, ஜோஸ்பின் திருப்பிய முதல் பேட்சை அவளைப் போலவே கேட்க, போனை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல் காற்றில் முடி பறந்தது, உதட்டில் ஏதோ முணுமுணுப்பு. தூங்குகிறாள் என்று விட்டுவிட்டேன். பிறகுதான் சொன்னாள்: குரல் மேடு பள்ளமில்லாமல் ஓடியதாம். அரைத் தூக்கத்தில் ஒரு வாய்க்காலுக்குள் நடந்தாளாம், முழங்கால்வரை தண்ணீர். மதகடியில் ஒரே முகத்தோடு இரண்டு பேர். இருவரும் நான்தான் முதல் என்றார்களாம். எவன் போக வேண்டியவன், எவன் வந்தவன் என்று நெற்றியில் எழுதியிருக்கிறதா என்ன?

சட்டென்று நிமிர்ந்தாள். “அண்ணி, அந்தக் கூட்டல் கழித்தல் குறிய இது வாசிக்கவே இல்ல!”

இயர்போனில் ஒன்றை என் காதில் செருகிவிட்டு, பஸ்ஸிலிருந்தே ஜோஸ்பினுக்கு போன் போட்டாள்.

“ரெண்டாவது பேட்ச்லயே எனக்குத் தெரிஞ்சிடுச்சிடி. குறியெல்லாம் வாசிக்க வச்சா புள்ளி, அடைப்பு எல்லாத்தையும் சேத்து வாசிச்சி உயிர வாங்குது.”

“ஏன்டி சொல்லல? பழைய பத்தி முழுசா, அப்புறம் புதுப் பத்தி முழுசா வர்ற வடிவம் இருக்கே. உனக்கு அப்படி அனுப்பச் சொல்றேன்.”

“எனக்கு மட்டும் தானே? ஒவ்வொரு தபாவும் ‘எனக்கு வேற மாரி குடுங்கபா’ன்னு கேட்டுக்கினு நிக்கணும். முடியாதுடி.”

கஸ்தூரி இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். எனக்கோ ராஜேஷை நாலு வார்த்தை கேட்கவேண்டும்போல் இருந்தது.

மறுநாள் டீஃபால்ட் மாறியது. பழையது முழுசாக, பிறகு புதியது முழுசாக. ராஜேஷ் உடனே கூப்பிட்டான்.

“இன்னா கஸ்தூரி, ரெண்டு மடங்கு நீளம். சுருக்கமா வேணும்ங்கறவன் இன்னா பண்றது?”

“கேட்டு வாங்கிக்க” என்றாள்.

அதட்டிப் பேசியே அறியாதவள். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

புது வடிவத்தில் முதலில் போனது கஸ்தூரியின் பேட்ச்தான். சாயங்காலமே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“இன்னாடி எழுதியிருக்க? பழசுல இருந்த கடைசி வயல் புதுசுல காணோம். அந்தாளு பயிரு காஞ்சா நீயா சோறு போடுவ? மரியாதையா திருத்தி அனுப்பு, நான் பாக்கணும்.”

கஸ்தூரி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். திட்டு வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவளை நான் பார்த்ததில்லை.