ஜன்னலில் இருந்த ஆரஞ்சுப் போத்தல்

பிள்ளைக்காம்பராவில் தினமும் முப்பது பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கிறவளுக்கு, ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பது பெரிய வேலையா என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தாய்மார் பால் வெட்டப் போகும் நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிள்ளைக்காம்பராவில் தொட்டில், பாய், அடுப்பு, மருந்துப் பெட்டி எல்லாம் நான் வைத்த இடத்தில் இருக்கும். யாரும் கை வைக்க முடியாது. வைத்தால் என் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டும்.

டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். அவருடைய மனைவி பரீதாவுக்குக் கொழும்பில் டொக்டரைப் பார்க்க முன்கூட்டியே சனல் பண்ணி நம்பர் எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. எங்கள் லயத்து வீடுகளில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தபோது, கேட்டவுடன் வேனைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு ஓடிய மனிதர் அவர். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

1. முட்டி போட்டுப் பார்த்த வீடு

வெளி வீட்டில் பிள்ளை பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. அதனால் முதல் நாளே போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பயிற்சியில் சொல்லித் தந்தபடி முட்டி போட்டு, பிள்ளையின் கண் உயரத்தில் ஒவ்வோர் அறையாகப் பார்த்தேன். பரீதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்ன டீச்சர் இது? எங்கட வீட்டுக்குள்ள புலியா ஈக்கி?”

“புலி இருந்தா தெரியுமே. தெரியாததத்தான் தேடுறேன்.”

கட்டிலுக்கடியில் ஊசி, மேசை விளிம்பில் சூடான தேநீர், மூடாத கிணறு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “அது அப்பிடித்தான் டீச்சர்” என்ற பதில். மூத்தவள் ருஷ்தாவுக்கு ஐந்து வயது. பின்னாலேயே வந்து, அவளும் முட்டி போட்டு என்னைப் போலவே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். தம்பி அவள் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

முதலாளிக்குக் கொஞ்சம் ரப்பர் காணி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் அந்த ரப்பர் பாலை ஷீட்டாக உருட்டி எடுப்பார். பாலை உறைய வைக்கும் அசிட்டை அங்கே, ரோலருக்குப் பக்கத்தில், பழைய ஆரஞ்சுப் பாணப் போத்தல்களில் வைத்திருந்தார். பார்த்தால் வெறும் தண்ணீர்.

“மொதலாளி, பிள்ளைங்க வெளையாடுற எடத்தில இது இருக்கவே கூடாது. எட்டாத எடத்தில வையிங்க.”

“எங்கட புள்ளைகள் தொடாது டீச்சர். பொறந்ததிலிருந்து பாக்குதுகள்.”

“தொடாதுன்னு சொல்லாதீங்க. இங்க இருந்து எடுங்க.”

“சரி சரி, எடுக்கிறேன். நீங்க கோவிக்காதீங்க.”

வீட்டுக்கு வந்து பை கட்டினேன். வெந்நீர்ப் போத்தல், வயிற்றோட்டத்துக்கு ஜீவனி பக்கற், காய்ச்சல் மருந்து, பழைய துணி, பிஸ்கட், பொம்மை. என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாளைக்கு ரெண்டு புள்ளைங்கள பாக்க இம்புட்டு சாமானா? லயத்தயே காலி பண்ணிட்டுப் போற மாதிரி இருக்கு.”

“நீங்க வந்து பாக்குறீங்களா?”

அவர் உள்ளே போய்விட்டார். ஞாயிறும் அவருக்கு ஃபெக்டரியில் வேலை. அதனால் எங்கள் மகள் மேகலாவையும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவளுக்கு அப்போது நான்கு வயது. அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

2. ஞாயிற்றுக்கிழமை

காலையில் அவர்கள் வேன் புறப்பட்டதும் நேராக ஷெட்டுக்குப் போனேன். ஒரு போத்தல்கூட இல்லை. பரவாயில்லை, ஒரு தடவையாவது ஒரு மனிதர் சொன்னதைக் கேட்டிருக்கிறார் என்று நிம்மதியாக வந்தேன்.

மத்தியானம்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. தம்பிக்காரனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வாய் வாங்கி இரண்டு வாய் துப்பினான். “அம்மா, தண்ணி” என்றாள் மேகலா. “இருடி, வர்றேன்” என்றேன். அடுத்த நிமிடம் குசினியிலிருந்து ருஷ்தா கத்தினாள்.

“தொட வாணாம்! அது வாப்பாட அசிட்! வாணாம்!”

ஓடினேன். மேகலா அடுப்படியில் கிடந்த பலகை மேல் ஏறி, ஜன்னலில் இருந்த ஆரஞ்சுப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்திருந்தாள். நான் எட்டுவதற்குள் ருஷ்தா கையை ஓங்கிப் போத்தலைத் தட்டிவிட்டாள். அது தரையில் விழுந்து உடைந்தது. என் பிள்ளையின் இடது காலில் தெறித்தது. அவள் அலறியது இன்னும் என் காதில் கேட்கிறது.

பீப்பாய்த் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். வாயில் பட்டதா என்று முகர்ந்து பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன். படவில்லை. மூன்று பிள்ளைகளையும் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவ்வளவு பெரிய பையில் இருந்த ஒரு சாமானும் உதவவில்லை. அதைத் தூக்கிப்போகவும் இல்லை.

மாலையில் முதலாளி வந்து விஷயம் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

“எட்டாத எடத்தில வையிங்கன்னுதானே சொன்னேன்?”

“நீங்க ஷெட்ல வாணாம் எண்டீங்க. அதுதான் குசினி ஜன்னல்ல, உயரத்தில வெச்சேன். எங்கட புள்ளைகள் தொடாதே டீச்சர்.”

அவர் சொன்னது பொய்யில்லை. அவருடைய பிள்ளைகள் தொடவில்லை. தொட்டது என் பிள்ளை.

3. ஒரு கேள்வி

பச்சைத் தண்ணீர் குடித்தால் வயிற்றோட்டம் என்று பயிற்சியில் படித்தவள் நான். லயத்தில் எங்கள் வீட்டில் கொதித்தாறிய தண்ணீரை ஆரஞ்சுப் பாணப் போத்தல்களில் நிரப்பி, குசினி ஜன்னலில் வைப்பேன். கீழே ஒரு பலகை போட்டிருப்பேன். தாகம் வந்தால் நீயே ஏறி எடுத்துக் குடி என்று மேகலாவைப் பழக்கியிருந்தேன். அவள் அன்றைக்கும் சொன்னதைத்தான் கேட்டாள். அந்த வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். அந்த வீட்டுக்குள் நான் கூட்டிப்போன பிள்ளையைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தத் தாய் புதிதாகப் பிள்ளையைக் கொண்டுவந்தாலும், பெயர் கேட்பதற்கு முன் ஒன்று கேட்பேன்: “ஒங்க வீட்டில புள்ள தண்ணி எதில குடிக்கும்?” சிலர் சிரிப்பார்கள். “என்னா டீச்சர், வாயிலதான்” என்று ஒருத்தி சொன்னாள். சிரிக்கட்டும். பதில் வரும்வரை பிள்ளையை நான் வாங்குவதில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒரு வீட்டின் ஆபத்து அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிற பிள்ளைக்குத் தெரியாது.

மேகலாவுக்கு இப்போது பதினாறு வயது. காலில் தழும்பு இருக்கிறது. எந்தப் போத்தலைக் கொடுத்தாலும் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். நேற்றுக் காலை அவள் கண் முன்னாலேயே தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். அதையும் முகர்ந்தாள்.

“நான்தானேடி ஊத்தினேன்?” என்றேன்.

“தெரியும்மா” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை முகர்ந்தாள்.